சம்பளம் குறைவு, வேலை நிலையானது: எப்படி முடிவெடுப்பது?



"அண்ணே, இப்ப ரைடர் வேலையில மாசம் மூவாயிரத்துக்கு மேல பாக்குறேன். ஒரு ஃபேக்டரியில டெக்னீஷியன் வேலை கெடச்சிருக்கு. 2,300 வெள்ளிதான் குடுப்பாங்களாம். அம்மா போகச் சொல்றாங்க. கூட்டாளிங்க சிரிக்கிறாங்க. என்ன செய்யட்டும்?"

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் இப்படி ஒரு கேள்வி ஏதாவதொரு வடிவத்தில் வந்துவிடுகிறது. ஒருவருக்கு அது கமிஷன் விற்பனையா, அலுவலக வேலையா என்று இருக்கும். இன்னொருவருக்கு ஜோகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போவதா, உள்ளூரிலேயே இருப்பதா என்று இருக்கும். அடிப்படையில் கேள்வி ஒன்றுதான். இப்போது கையில் வரும் கூடுதல் காசை விட்டுவிட்டு, சம்பளம் குறைந்த நிலையான வேலைக்குப் போகலாமா?

இந்தப் பாடம் 'போ' என்றும் சொல்லாது, 'போகாதே' என்றும் சொல்லாது. முடிவு உங்களுடையது. எதை எதை எடைபோட வேண்டும் என்பதை மட்டும் வரிசையாகப் பார்ப்போம். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். கணக்கு வரும்.

பாதுகாப்புக்கும் விலை உண்டு

ஒரு கைப்பேசி வாங்கப் போனால் விலையையும் பார்க்கிறோம், தரத்தையும் பார்க்கிறோம். வேலை விஷயத்தில் மட்டும் ஏதாவது ஒன்றைத்தான் பார்க்கிறோம். கூட்டாளிகள் சம்பளத்தை மட்டும் பார்த்து, "ஆயிரம் வெள்ளி கொறச்சலா? பைத்தியமாடா?" என்கிறார்கள். பெற்றோர் நிலைத்தன்மையை மட்டும் பார்த்து, "கம்மியா இருந்தாலும் பரவால்லப்பா, நிரந்தர வேலை" என்கிறார்கள். இரு தரப்பும் உங்கள் நன்மைக்காகவே பேசுகிறார்கள். ஆனால் இரு தரப்பிடமும் பாதிக் கணக்குத்தான் இருக்கிறது.

நிலையான வேலைக்காக நீங்கள் விட்டுக்கொடுக்கும் சம்பள வித்தியாசம், பாதுகாப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அப்படிப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று:

1. அந்த விலை உண்மையில் எவ்வளவு?
2. அந்த விலைக்கு நமக்கு என்ன கிடைக்கிறது?
3. கிடைக்கும் பாதுகாப்பு நம்முடையதா, முதலாளியுடையதா?

வள்ளுவர் தரும் அளவுகோல்

திருக்குறளில் 48-ஆவது அதிகாரம் 'வலியறிதல்'. ஒரு செயலில் இறங்கும் முன் அரசன் நான்கு வலிமைகளைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் வள்ளுவர்: வினையின் வலி, தன் வலி, மாற்றானின் வலி, துணையின் வலி. படை நடத்தும் அரசனுக்குச் சொன்னதுதான். மோட்டாரில் வேலைக்குப் போகும் நமக்கும் அது பொருந்துகிறது. இந்த நான்கையும் வைத்தே மேலே உள்ள தம்பியின் கேள்வியை எடைபோடுவோம்.

சிலர் இந்த மாதிரி நேரத்தில் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். தாராளமாகச் சாமி கும்பிடுங்கள், மனம் தெளியும். ஆனா கணக்கை நாமதான் போடணும்.

1. வினைவலி: இரண்டு வேலையையும் ஒரே தராசில் வையுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு இது. உங்கள் எண்களை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

டெலிவரி வேலையில் மாதம் 26 நாள், நாளுக்கு 11 மணி நேரம் ஓடி 3,600 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 380, சர்வீஸ், டயர், செயின், பிரேக் எல்லாம் சேர்த்து 220, டேட்டா, மழைக்கோட்டு போன்றவை 50. மொத்தச் செலவு 650. கையில் நிற்பது 2,950 வெள்ளி.

தொழிற்சாலையில் அடிப்படைச் சம்பளம் 2,300. இதில் ஊழியர் சேமநிதிக்கு, அதாவது இபிஎஃப்புக்கு, உங்கள் பங்கு 11 விழுக்காடு: 253 வெள்ளி. சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்து ஏறத்தாழ 16 வெள்ளி. வேலைக்குப் போய்வர பெட்ரோலும் சர்வீசும் 150. கையில் நிற்பது ஏறத்தாழ 1,880 வெள்ளி.

வித்தியாசம் 1,070 வெள்ளி. கூட்டாளிகள் சிரிப்பது இந்த எண்ணைப் பார்த்துத்தான். இது பொய் இல்லை. ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை.

மாதச் சம்பளம் 5,000 வெள்ளியும் அதற்குக் கீழும் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு இபிஎஃப் கட்ட வேண்டும். 2,300-க்கு அது 299 வெள்ளி. உங்கள் 253-ஐயும் சேர்த்தால் மாதம் 552 வெள்ளி உங்கள் பெயரில் போய்ச் சேருகிறது. இது செலவு இல்லை, உங்கள் சொத்து. இதைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வித்தியாசம் 518 வெள்ளி. விலை பாதியாகக் குறைந்துவிட்டது.

அடுத்து நேரம். ரைடராக மாதம் 286 மணி நேரம் உழைக்கிறீர்கள். தொழிற்சாலையில் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வரம்பு. மாதத்துக்கு ஏறத்தாழ 195. அதற்கு மேல் வேலை செய்தால் ஓ.டி. தர வேண்டும்.

இப்போது ஒரு மணி நேரத்துக்கு வகுத்துப் பாருங்கள். டெலிவரியில் 2,950-ஐ 286-ஆல் வகுத்தால் 10 வெள்ளி 31 சென். தொழிற்சாலையில் 1,880-ஐயும் 552-ஐயும் கூட்டி 195-ஆல் வகுத்தால் 12 வெள்ளி 47 சென்.

சம்பளம் குறைந்த வேலையில்தான் ஒரு மணி நேர உழைப்புக்கு அதிகம் கிடைக்கிறது! கூடுதல் காசு கூடுதல் நேரத்திலிருந்தும், வண்டியின் தேய்மானத்திலிருந்தும், முதுமைக்கு ஒன்றும் ஒதுக்காததிலிருந்தும் வந்திருக்கிறது. உங்கள் எண்களைப் போட்டால் விடை வேறாக வரலாம். 8 மணி நேரத்திலேயே அதே காசைப் பார்க்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் கணக்கை நீங்களே போட வேண்டும் என்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கை. "ஓ.டி.யோட சேத்து 2,800 வரும்" என்று நேர்காணலில் சொன்னால், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் கிடையாது. அடிப்படை 1,700, மீதி எல்லாம் ஓ.டி. என்றால் உங்கள் சேமிப்பு 1,700-க்குத்தான் வளரும். ஆர்டர் குறைந்து ஓ.டி. நின்றுபோனால் கையில் வருவதும் அதுதான்.

2. தன்வலி: உங்கள் தோள் எவ்வளவு தாங்கும்?

கணக்கில் நல்லதாகத் தெரியும் வேலையும் உங்கள் நிலைமைக்கு ஒத்துவராமல் போகலாம். இபிஎஃப்பில் ஏறும் 552 வெள்ளியை வைத்து இந்த மாத மோட்டார் தவணையைக் கட்ட முடியாது. ஆகவே அடுத்த கேள்வி: கையில் வரும் 1,880-இல் மாதம் ஓடுமா?

மோட்டார் தவணை 250, வீட்டுக்கு 600, பிடிபிடிஎன் கல்விக் கடன் 150, கைப்பேசி 60, சாப்பாடு 500. மொத்தம் 1,560. மிச்சம் 320. இறுக்கம்தான், ஆனால் ஓடும். இதே தம்பிக்குக் கிரெடிட் கார்டு கடன் மாதம் 400 இருந்தால்? 80 வெள்ளி துண்டு விழும். முதல் மாதத்திலேயே கைமாத்து, மூன்றாம் மாதம் இன்னொரு கடன். நிலையான வேலையில் இருந்துகொண்டே நிலையில்லாமல் தவிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. வேலையில் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டு, அதற்குள் கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம். தொழிற்சாலை வேலையில் சேர்ந்துவிட்டு, ஓய்வு நாளில் மட்டும் சில மாதம் டெலிவரி ஓட்டலாம் (வேலை ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்). கடன் கைமீறிப் போயிருந்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் பேங்க் நெகாரா ஏற்படுத்தியது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வட்டிக்காரனிடம் போவதற்கு முன் அங்கே போங்கள்.

வருமானம் சிறியதாக இருப்பதே ஒருவரைக் கெடுத்துவிடாது, செலவு அதை மீறிப் பெருகும்போதுதான் கேடு வரும் என்ற கருத்தையும் வலியறிதல் அதிகாரத்திலேயே வள்ளுவர் வைத்திருக்கிறார். சம்பளம் குறைந்த வேலைக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது செலவுப் பட்டியலைத்தான்.

3. மாற்றான் வலி: எதிரில் நிற்பது யார்?

நம் எதிரி மேலதிகாரி இல்லை. நோய், விபத்து, வேலை இழப்பு, முதுமை ஆகிய நான்கு பேரும்தான் எதிரிகள். இந்த நாலு பேர்ல யாரும் சொல்லிட்டு வர மாட்டாங்க.

நோய். ஒரு வாரம் காய்ச்சல் என்றால், மேலே பார்த்த ரைடர் தம்பிக்கு 6 நாள் வேலை போச்சு. ஏறத்தாழ 680 வெள்ளி வராது. தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டம் 1955-இன் கீழ் உள்ள தொழிலாளிக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு எம்.சி., 8 நாள் ஆண்டு விடுமுறை உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தங்கைகள் கவனிக்க: பிரசவ விடுப்பு 98 நாள். 2023 ஜனவரி 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. தந்தையாகும் தம்பிகளுக்கும் 7 நாள் உண்டு.

விபத்து. சொக்சோ கட்டும் தொழிலாளி வேலையிடத்தில் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் விபத்துக்குள்ளானாலும் பாதுகாப்பு உண்டு. வேலை செய்ய முடியாத நாட்களுக்கு உதவித்தொகை, நிரந்தர ஊனத்துக்கு உதவித்தொகை, உயிரிழந்தால் குடும்பத்துக்கு மாதப் பணம் என்று அது விரிகிறது. ரைடர்களுக்கு இது கிடையவே கிடையாது என்று நினைக்காதீர்கள். சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ சட்டம் 2017-இல் வந்தது. கிக் தொழிலாளர்களுக்கான தனிச் சட்டமும் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் உங்கள் பெயரில் பணம் கட்டப்பட்டிருக்கிறதா? அதுதான் கேள்வி. இன்றைக்கே பாருங்கள். மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் வழுக்கி விழுந்த பிறகு பார்க்கும் விஷயம் இல்லை இது.

வேலை இழப்பு. ஆட்குறைப்பில் வேலை போனால், வேலைக் காப்புறுதித் திட்டம் புது வேலை தேடும் காலத்தில் தகுதிக்கேற்ப 6 மாதம் வரை உதவித்தொகை தருகிறது. நீங்களாகவே வேலையை விட்டால் கிடையாது. கணக்கு முடக்கப்பட்ட ரைடருக்கு அடுத்த நாள் காலையிலிருந்து ஒன்றும் இல்லை.

முதுமை. இருபத்தைந்து வயதில் இது தூரத்து எதிரியாகத் தெரியும். ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறோம். மாதம் 552 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 6,624. சம்பளம் ஒரு காசுகூட ஏறாமல், லாப ஈவையும் சேர்க்காமல் பார்த்தால்கூட 10 ஆண்டில் 66,240 வெள்ளி. அதே 10 ஆண்டில் ஒன்றும் ஒதுக்காத ரைடர் கையில் இருப்பது, தேய்ந்துபோன ஒரு மோட்டாரும் முதுகுவலியும்தான்.

முதுமைக்கு முன்னாலேயே இந்தச் சேமிப்பு கைகொடுக்கும் இடமும் உண்டு. இபிஎஃப்பில் போடும் பணத்தில் 15 விழுக்காடு 'செஜாத்தரா' கணக்குக்குப் போகிறது. வீடு வாங்கவும் படிக்கவும் அதிலிருந்து எடுக்கலாம். பேங்கில் வீட்டுக் கடன் கேட்டுப் போனாலும் முதலில் கேட்பது சம்பளச் சீட்டும் இபிஎஃப் அறிக்கையும்தான்.

4. துணைவலி: பக்கத்தில் நிற்பது யார்?

அப்பா ஓய்வு பெற்றுவிட்டாரா? தங்கை இன்னும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளா? வீட்டு வாடகையில் உங்கள் பங்கு எவ்வளவு? உங்கள் சம்பளம் குறைந்தால் வீட்டில் யாராவது அதை உணருவார்கள். அது யார் என்று தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்.

நம் வீடுகளில் பணத்தைப் பற்றிப் பேசுவது சண்டையில்தான் தொடங்கும். அதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். "அம்மா, இப்ப மாசம் 600 குடுக்குறேன். புது வேலைக்குப் போனா முதல் எட்டு மாசம் 400 தான் முடியும். அதுக்கப்புறம் மோட்டார் லோன் முடியுது, பழையபடி குடுத்துடுவேன். சமாளிக்க முடியுமா?" என்று எண்ணோடும் காலத்தோடும் கேட்டால் அம்மா பதில் சொல்வார். "சம்பளம் கம்மிமா" என்று மட்டும் சொன்னால் அது கவலையாகத்தான் போய்ச் சேரும்.

துணைவலிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. "ரைடர் வேலைன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்காக வேலையை மாற்றாதீர்கள். நேர்மையாகச் சம்பாதிக்கும் எந்த வேலையிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறம், பொருள், இன்பம் என்று வரிசைப்படுத்திய மரபு நம்முடையது. பொருள் தேடுவதை அந்த மரபு ஒருநாளும் இழிவாகச் சொன்னதில்லை, அறத்தோடு தேடு என்றுதான் சொன்னது. ஊர் வாயை மூடுவதற்காக எடுத்த வேலையில் ஊர் வந்து உட்கார்ந்து உங்களுக்காக எட்டு மணி நேரம் உழைக்காது.

யாருடைய பாதுகாப்பு?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள நம் தாத்தா பாட்டி காலத்துக்குப் போக வேண்டும்.

ரப்பர்த் தோட்டத்து வேலையில் சம்பளம் குறைவுதான். ஆனால் லயத்து வீடு இருந்தது. தண்ணீர், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், சின்னதாக ஒரு மருந்தகம் எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. வெளியே போய் அதிகம் சம்பாதிப்பதைவிட இது நிம்மதி என்று பலர் நினைத்தார்கள். பிறகு தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. வேலை போன அன்றே வீடும் போனது. பிள்ளையின் பள்ளியும் குலதெய்வம்போல் கும்பிட்ட கோயிலும் கேள்விக்குறியாயின. முப்பது வருடம் நிலையாக இருந்தவர்கள், நகரத்து ஓரத்தில் புறம்போக்கு வீடுகளில் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அவர்கள் உழைப்பில் குறையில்லை. அந்தப் பாதுகாப்பு முழுவதும் தோட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. தோட்டம் போனதும் கட்டு அறுந்தது. அந்தக் குடும்பங்களில் பலருக்குக் கையோடு வந்தது இரண்டுதான்: 1951-இல் தொடங்கிய சேமநிதியில் அவர்கள் பெயரில் இருந்த பணம், பிள்ளைகள் பெற்றிருந்த படிப்பு.

நமக்கான பாடம் இதுதான். ஒரு வேலையைப் பார்க்கும்போது, 'இந்த வேலை நாளைக்குப் போனால் நான் எதை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன்?' என்று கேளுங்கள். இபிஎஃப் பணம் உங்களோடு வரும். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் உங்களோடு வரும். கற்ற வெல்டிங், சார்ஜ்மேன் தகுதி, கணக்கியல் அனுபவம் உங்களோடு வரும். கம்பெனி தங்குவிடுதி வராது. 'நல்ல மேனேஜர்' வர மாட்டார்.

அதேபோல் 'நிரந்தரம்' என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கக்கூடாது. அரசு வேலை என்றாலே பென்ஷன் என்று நம் பெற்றோர் இன்னும் நினைக்கிறார்கள். 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக அரசுப் பணியில் சேருபவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை இல்லை. அவர்களும் இபிஎஃப்தான். அரசு வேலையில் வேறு நன்மைகள் நிறைய உண்டு, தகுதி இருந்தால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் இல்லாத பென்ஷனுக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வேலை பெர்மிட்டில் இருப்பவருக்கு அங்கே சிபிஎஃப் கிடையாது, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பணமாற்றில் பெரிதாகத் தெரியும் சம்பளத்திலிருந்து நீங்களாகவே இங்குள்ள இபிஎஃப்பில் போட்டால்தான் உண்டு.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

• நிரந்தர வேலையா, ஒப்பந்தமா? ஒப்பந்தம் என்றால் எத்தனை மாதம்?
• அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதற்குக் கீழே இருந்தால் கேள்வி கேளுங்கள்.
• தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? அந்தக் காலத்திலும் இபிஎஃப்பும் சொக்சோவும் கட்ட வேண்டும். "கன்பர்ம் ஆனதும் கட்டுவோம்" என்பது சரியில்லை.
• வேலையிலிருந்து நிறுத்த எத்தனை வாரம் முன்னறிவிப்பு?
• பயிற்சிக்கு அனுப்புவார்களா? மூன்று ஆண்டுக்குப் பிறகு அடுத்த பதவி என்ன?

சேர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. முதலாளி ஒவ்வொரு மாத இபிஎஃப்பையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இரண்டாவது மாதம் கைப்பேசியில் உங்கள் இபிஎஃப் கணக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டுக் கணக்கில் போடவில்லை என்றால் உடனே கேளுங்கள். ஆறு மாதம் பொறுத்திருப்பது பணிவு ஆகாது.

அப்படியானால் எப்போது போகலாம்?

பொதுவாக, கீழே உள்ளவை உங்களுக்குப் பொருந்தினால் சம்பளம் குறைந்த நிலையான வேலை நல்ல முடிவாக இருக்கும்: கையில் வரும் காசில் கடனில்லாமல் மாதம் ஓடும், உங்களை நம்பி வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், கையில் மூன்று மாதச் செலவுக்குக்கூடச் சேமிப்பு இல்லை, புது வேலை ஒரு திறனைக் கற்றுத் தருகிறது. மிச்சமாகும் மாதம் 90 மணி நேரத்தை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்பதும் முக்கியம். அதில் பாதியை எஸ்கேஎம் பகுதிநேர வகுப்புக்குக் கொடுத்தால், இன்றைய 2,300 நாளைக்கு 2,300-ஆகவே இருக்காது. எல்லாவற்றையும் கைப்பேசிக்குக் கொடுத்தால் விலை கொடுத்து வாங்கிய நேரம் வீண்.

வேறு நிலைமையும் உண்டு. வயது 22, கடன் இல்லை, பெற்றோர் சொந்தக் காலில் நிற்கிறார்கள், நிலையில்லாத வேலை உங்களுக்கு நல்ல தொழிலைக் கற்றுத் தருகிறது என்றால், சில ஆண்டு அதிலேயே இருப்பது தவறில்லை. ஆனால் அப்போது பாதுகாப்பை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். இபிஎஃப்பின் 'ஐ-சாரான்' திட்டத்தில் நீங்களாகவே பணம் போடலாம். 2025-இல் போட்ட தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசு ஊக்கத்தொகையாகச் சேர்த்தது. சொக்சோ சுயதொழில் திட்டத்தில் பெயர் இருக்கட்டும். வரும் காசை எல்லாம் சம்பளம் என்று நினைக்காமல், மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் சம்பளமாக எடுத்துக்கொண்டு மீதியைத் தனிக்கணக்கில் போடுங்கள்.

இதையும் செய்ய மாட்டேன், அந்த வேலைக்கும் போக மாட்டேன் என்றால், உங்கள் கையில் இருக்கும் அதிகச் சம்பளம் உண்மையில் அதிகம் இல்லை. நாளைய உங்களிடமிருந்து இன்றைய நீங்கள் வாங்கும் கடன் அது.

பயிற்சி

இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வலியை எழுதுங்கள்.

• வினைவலி: இரண்டு வேலையிலும் ஒரு மணி நேரத்துக்கு உண்மையில் எவ்வளவு?
• தன்வலி: கையில் வரும் காசில் செலவு போக மிச்சமா, துண்டா?
• மாற்றான் வலி: நாளைக்கே விழுந்தால் எத்தனை நாள் தாங்குவேன்?
• துணைவலி: என் சம்பளம் குறைந்தால் யாருக்கு வலிக்கும்? அவரிடம் பேசிவிட்டேனா?

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடும்பத்தில் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் உண்டா? அவர்கள் கையோடு கொண்டுவந்தது என்ன? பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள்.
2. "நிரந்தர வேலை" என்று சொல்லும்போது உங்கள் பெற்றோர் மனத்தில் நினைப்பது என்ன? நீங்கள் நினைப்பது என்ன?
3. உங்கள் வட்டாரத்தில் ரைடராக இருக்கும் உறுப்பினர்களில் எத்தனை பேருக்குச் சொக்சோ இருக்கிறது? இல்லாதவர்களுக்கு அடுத்த கூட்டத்திலேயே பதிவு செய்ய யார் உதவுவது?

மூன்றாவது கேள்வியைப் பேச்சோடு விட்டுவிடாதீர்கள். கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் கைப்பேசியில் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள்.